பீரோவுக்குப் பின்னால்

குச்சி வழக்கம்போலப் பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். மீசைக்கு வயிறு பற்றி எரிந்தது.

"நான் முன்னாடி முதுகை வளைச்சு இழுக்கணும், நீ பின்னாடி பீரோ மேல சாஞ்சுக்கிட்டு வரணும். நல்லா இருக்குடா உன் பொழப்பு!"

"படியைப் பாத்து ஏறுங்கண்ணே" என்றான் குச்சி. நாலு மாதமாக அவன் வாயிலிருந்து வருவது இந்த ஒன்றுதான்.

மீசை வீடு மாற்றும் லாரிக்கு வந்தே நாலு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் பதினெட்டு வருடம் மூட்டை தூக்கியவர். போன வருடம் இடுப்பில் ஆபரேஷன் ஆனது. மூட்டை வேலை போனது. இங்கே அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. தினமும் லாரிக்குப் பின்னால் மறைவாக நின்று, சட்டைக்குள் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு இறங்குவார். தெரிந்தால் அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும்.

இன்றைக்கு எப்படியும் ஒரு சீட்டு கிழியத்தான் போகிறது. இருந்த இரண்டு லாரியில் ஒன்றை விற்றாயிற்று, ஆள் ஒன்று அதிகம். யாரை நிறுத்துவது என்று பார்க்க முதலாளியே வந்து மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்தார். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது.

மீசை பீரோவை டொம்மென்று தரையில் வைத்தார்.

"நீங்களே பாருங்க மொதலாளி. மேல ஏத்தும்போது இவன் பின்னாடி பதுங்கிக்குவான். கீழ எறக்கும்போது முன்னாடி ஓடிடுவான். மொதல்ல லாரிக்குப் போய்க் குந்திக்கலாம்ல! இந்த ஒட்டடைக்குச்சி ஒடம்பை வெச்சுக்கிட்டு இவன் எங்க சுமக்கறது?"

"நீ என்னடா சொல்ற?" என்று குச்சியைக் கேட்டார் முதலாளி.

குச்சி தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அந்தத் தோளில் சட்டை நைந்து நார்நாராய்த் தொங்கியது. கிழிசலைத் தைத்துப் போடக்கூட உடம்பு வணங்காத சோம்பேறி என்று மீசை பல்லைக் கடித்தார்.

"ஒண்ணும் இல்லைங்க மொதலாளி. அண்ணன் சொல்றபடியே வெச்சுக்கங்க."

"கேட்டீங்களா, ஒத்துக்கிட்டான்! டேய், இன்னைக்கு நீ முன்னாடி போ. நான் பின்னாடி வர்றேன்."

குச்சியின் முகம் அப்போதுதான் மாறியது. "அது மட்டும் வேணாண்ணே."

"ஏன், சொகுசு கெட்டுப்போயிடுமோ?"

"மாறுங்கடா, பாத்துடுவோம்" என்றார் முதலாளி.

மாறினார்கள். மூன்று படி வரை மீசை மனசுக்குள் அவனைத் திட்டிக்கொண்டேதான் ஏறினார். ஐந்தாவது படியில் பீரோ அவர் பக்கம் சாய்ந்தது. அத்தனை கனமும் சரிந்து வந்து அவர் தோளிலும் மார்பிலும் உட்கார்ந்தது.

மேலே இருப்பவன் பிடித்து வழிகாட்டலாம், அவ்வளவுதான். சுமப்பது கீழே நிற்பவன். ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால்: இரண்டுமே கீழ்ப்பக்கம். அது அவருக்கு உறைத்தபோது, சட்டைக்குள் பெல்ட் பட்டென்று விட்டுக்கொண்டது.

"ஐயோ!"

"என்னய்யா ஆச்சு? இடுப்பா?" முதலாளி இரண்டு படி தாவி ஏறினார்.

"என் கை வழுக்கிடுச்சு மொதலாளி!" மேலிருந்து குச்சி உரக்கச் சொன்னான். "தப்பு என்னுது!"

பிறகு பீரோவின் மேல் கவிழ்ந்து, மீசையின் காதுக்கு மட்டும் கேட்கும்படி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்:

"கத்தாதீங்கண்ணே, பெல்ட்டு விஷயம் அவருக்குத் தெரிஞ்சிடும்."