இடப்பக்க ரைஃபிள்

துப்பாக்கிக் கடை அலமாரியில் ஒன்பது வருஷமாக விலைபோகாமல் நின்றிருந்தது ஒரு ரைஃபிள். தோட்டா ஏற்றும் போல்ட் அதற்கு இடப்பக்கம். வந்தவர்கள் எல்லாரும், "இதென்ன கோணல்?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

அன்று வந்தவர் தன்னையறியாமல் இடது கையால் கதவைத் தள்ளினார்.

"என் ஆளு வந்தாச்சு!" என்றது ரைஃபிள்.

"ரொம்ப ஆடாதே," என்றது பக்கத்திலிருந்த வலப்பக்க ரைஃபிள்.

அவர் நேராக வந்து இடப்பக்க ரைஃபிளையே எடுத்தார். இடத்தோளில் வைத்து போல்ட்டை இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"உங்களுக்கே செஞ்ச மாதிரி இருக்கு சார்," என்றார் கடைக்காரர்.

சூடுபட்டதுபோல் வந்தவர் அதைத் திரும்ப வைத்தார். "சேச்சே, பீச்சாங்கைப் பழக்கத்தையெல்லாம் எங்கப்பா சின்ன வயசுலேயே அடிச்சு நிறுத்திட்டாரு."

வலப்பக்க ரைஃபிளை எடுத்தார். வலத்தோளில் வைத்தார். போல்ட் இரண்டு தடவை பாதியில் நின்றது. "இதையே குடுங்க," என்றார்.

பெட்டிக்குள் போகும்போது வலப்பக்க ரைஃபிள் கேட்டது: "இவருக்கு நான் ஒத்துவர மாட்டேனே. நீயாவது சொல்லக் கூடாதா?"

இடப்பக்க ரைஃபிள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டியின் கனம் தாங்காமல் வலப்பக்கம் சாய்ந்தபடி நடந்தார் அவர். இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துவைத்திருந்தார்.