இலை போடாத வார்டன்

ஏப்பா, உக்காருங்க. உக்காருங்கங்கிறேன்! மாப்ள, அந்தப் பேச்சை அப்புறம் பேசலாம், வாயை மூடு. இங்க ஒரு மனுசனுக்கு வேலை போகப்போகுது, நீங்க என்னடான்னா சந்தைக்கடை மாதிரி கத்துறீங்க!

ஆங், இப்பச் சரி.

மதுரையில பையங்க தங்கிப் படிக்கிற ஒரு போர்டிங்கு. ஞாயித்துக்கிழமை, சாப்பாட்டு ஹால்ல கமிட்டிக் கூட்டம். ஒரு பக்கம் பெத்தவங்க, ஒரு பக்கம் பழைய மாணவங்க. நடு நாக்காலியில கமிட்டித் தலைவர் கருத்தக்கண்ணன். காங்கிரஸ் மந்திரிசபை வந்ததுலருந்து அய்யாவுக்குக் கதரு. அதுக்கு முந்தி எந்தத் தொரை வந்து எறங்குனாலும் மொத மாலை இவரு கையிலதான்.

மூலையில ஒரு ஸ்டூலு. அதுல வார்டன் ஹாலாஸ்யம், தரையப் பாத்தபடி. அவரு வாயத் தொறந்து நாலு வார்த்த சேந்தாப்புல பேசி யாரும் கேட்டதில்ல.

எல்லாத்துக்கும் காரணம், அந்தா பழைய மாணவங்க பக்கம் உக்காந்திருக்கானே, அழகுமலை. கீழக்குயில்குடிக்காரன். கூலிவேலைக்குப் போற குடும்பம். இந்த போர்டிங்குலதான் இனாமாச் சாப்பிட்டுப் படிச்சான். இப்ப வாரப் பத்திரிகையில தொடர்கதை எழுதுற பெரிய ஆளு. கதையும் போர்டிங் பயலுகளப் பத்தித்தான். பத்திரிகை வந்த அன்னைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக அடிச்சுக்கிட்டுப் படிக்குதுக.

கதையில ஒரு வார்டன் வாரான். ராட்சசன். அழகுமலை பேரை மாத்துனான், ஹாலாஸ்யத்தோட மூக்குப்பொடி டப்பாவ மாத்த மறந்துட்டான். ஊருக்கே தெரிஞ்சு போச்சு. ஹாலாஸ்யம் தெருவுல எறங்குனா, "டேய், ராட்சசன் வாரான்டா!"ன்னு பொடிசுக கூவுதுக.

"படிப்பா ஜெயக்கொடி, அந்த எடத்தை"ன்னாரு தலைவரு.

ஜெயக்கொடி, அழகுமலையோட கூடப் படிச்சவன். "படிக்கிறேன் அண்ணே. ஆனா இந்தப் பய என்னைய வேற திக்குவாயனாப் போட்டிருக்கான், அதையும் மினிட்டு நோட்டுல ஏத்துங்க"ன்னான். அப்புறம் மூக்கால இழுத்து, அப்படியே வார்டன் குரல்ல ஆரம்பிச்சான்:

"'போடா விறகு ரூமுக்குள்ள! சத்தம் கேட்டுதோ, தோலை உரிச்சுடுவேன்! சமையக்காரரே, இவனுக்கு இன்னைக்கு இலை போடாதீர்!'"

ஹாலு கொதிச்சிருச்சு.

"பச்சப்புள்ளைக்குச் சோறு இல்லைன்னவன் மனுசனா?"

"கூலிக்காரன் மகன்னுதான இம்புட்டு எளக்காரம்!"

"எம் பிள்ளைய இன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போறேன்"னு மலையம்மாள்ங்கிற அம்மா முந்தானைய இழுத்துச் சொருகுச்சு.

தலைவரு எந்திரிச்சாரு. மேடைக் குரலு. "அந்தப் பாலகன் செஞ்ச குத்தம் என்ன? உப்புச் சத்தியாக்கிரகத்தப்போ கொடி புடிச்சு ஊர்வலம் போனது குத்தமா? அது யாரு கொடி? நம்ம கொடி!" கதர்த்துண்ட எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. "சொல்லு தம்பி. உன்னையப் பூட்டுனது நெசந்தான?"

அழகுமலைக்கு உள்ள ஒரு சின்ன உறுத்தல். கதையில பிரம்படி உண்டு. நெசத்துல அந்தாளு ஒரு அடி அடிச்சதில்ல. "இன்னும் கொஞ்சம் அழ வைங்க சார்"னு பத்திரிகைக்காரரு லெட்டர் போட்டாரு, இவன் வார்டன் கையில ஒரு பிரம்பைக் குடுத்துட்டான். ஆனா அந்தப் பூட்டு நெசம். அந்தப் பசி நெசம். அந்தப் பசிய நெனச்சுத்தான் ஒவ்வொரு வாரமும் பேனாவத் தொறக்கிறான்.

"நெசந்தாங்கய்யா. போலீசு தடியத் தூக்குச்சு, தப்பிச்சு ஓடியாந்தேன். வாசல்லயே காதைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி பூட்டிட்டாரு. சுவத்துக்கு அந்தப் பக்கம் பந்தி நடக்குது. சாம்பார் வாளிய இழுக்குற சத்தம் கேக்குது. வாயில துணிய வச்சு அமுக்கிக்கிட்டு அழுதேன். சாயங்காலம் தொறந்தாரு. ஒரு உருண்டை சோத்தைக் கையில குடுத்து, வைக்கோல் வண்டியில ஏத்தி, 'ஊருக்குப் போ, கூப்புட்டாத்தான் வரணும்'னு வெரட்டி விட்டாரு. வெள்ளக்காரன்கிட்ட நல்ல பேரு வாங்க இவருக்கு என் வயிறுதானா கெடச்சுச்சு?"

"கேட்டீங்களா, கேட்டீங்களா!" தலைவருக்கு மூச்சு வாங்குச்சு. "ஓய் ஹாலாஸ்யம்! பொழுது சாயறதுக்குள்ள ரூமைக் காலி பண்ணும்!"

ஹாலாஸ்யம் தலைய ஆட்டுனாரு. எந்திரிச்சாரு. துண்ட உதறித் தோள்ல போட்டாரு. அம்புட்டுத்தான்.

சண்டைக்கு வருவாரு, கத்துவாருன்னு நெனச்சு வந்த அழகுமலைக்கு, இதுதான் தாங்கல. குறுக்க போயி நின்னான்.

"ஒரு வார்த்த பேசுறாரா பாருங்க! கல்லு! அய்யா, வெரட்டுனத விடுங்க. பூட்டுனதையும் விடுங்க. என்னையப் பெத்தவுக ஒங்கள நம்பித்தான விட்டுட்டுப் போனாக? அம்புட்டுப் பேருக்கும் எலை விழுந்துச்சு. எனக்கு ஒத்த எலை போட ஒங்களுக்கு மனசு வரலையே, ஏன்?"

ஹாலாஸ்யம் மொத தடவையா நிமிந்து அவன் மூஞ்சியப் பாத்தாரு. குரலு ரொம்ப மெல்ல வந்துச்சு.

"போட்டிருப்பேன்டா அழகுமலை. காக்கி போடாம, வேட்டியில வந்து, பந்திக்கு நடுவுல நின்னு இலையை எண்ணிண்டிருந்த போலீஸ்காரன், 'இந்த இலைக்குப் பையன் எங்கே?'ன்னு கேட்டா, நான் விறகு ரூமையா கையைக் காட்டியிருக்கணும்?"