இந்த வருஷத்து யூதாஸ்

தீப்பெட்டி எங்கார்னாவின் கையில் இருந்தது. எத்தனை பேர் கேட்டும் அவள் கொடுக்கவில்லை.

தெருவின் குறுக்கே கட்டிய கயிற்றில் காகித யூதாஸ் தொங்கினான். தலையில் இன்னும் சாக்கு. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, அந்த வருஷம் ஊரைக் காட்டிக்கொடுத்தவனின் முகத்தை யூதாசுக்கு வைத்து, வயிற்றில் வெடி கட்டிக் கொளுத்துவார்கள்.

இந்த வருஷம் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தையை இடித்துவிட்டுச் சதுக்கம் கட்டிய மேயர்தான்.

யூதாசைச் செய்தவள் சிற்பி லியோகாதியா. சதுக்கத்தின் நடுவில் நிற்கும் பளிங்குச் சந்தைக்காரியும் அவள் கைவேலைதான். கிரேக்க தேவதையின் நிமிர்ந்த உடம்பு, திருவிழாக் களிமண் பொம்மையின் உருண்டை முகம். செவ்வியலும் நாட்டார் கலையும் கைகோத்து நிற்பதாகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின.

அந்த உருண்டை முகம் எங்கார்னாவுடையது.

பளிங்கு வந்து இறங்கிய மறுநாளிலிருந்து மூன்று மாதம், சந்தையில் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை விற்று முடித்த கையோடு லியோகாதியாவின் பட்டறைக்குப் போய், கூடையைத் தலையில் வைத்து அசையாமல் நின்றிருக்கிறாள். அவள் கன்னத்து அம்மைத் தழும்பு வரை சிலையில் இருக்கிறது. முகத்தைப் பிடிப்பதில் லியோகாதியாவை அடிக்க ஆளில்லை.

சந்தை இடிபட்ட அன்று, தனக்கு எதுவும் தெரியாது என்று லியோகாதியா கட்டிக்கொண்டு அழுதாள். எங்கார்னாவும் நம்பினாள்.

நேற்று அதே சிலையின் காலடியில் காவலாள் அவள் கூடையை எட்டி உதைத்தான். இங்கே வியாபாரம் கூடாதாம். இன்று விடிந்ததும் முதல் வேலையாகத் தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள் எங்கார்னா.

"சாக்க உருவு தாயி, மேயரு மூஞ்சி எப்படிக் கருகுதுன்னு பாப்போம்!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்.

லியோகாதியா ஏணியில் ஏறிச் சாக்கை உருவினாள்.

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மேயரின் மீசை அங்கே இல்லை. வளைந்த மூக்கு, வட்டக் கண்ணாடி, நெற்றியில் ஒற்றை நரைக்கற்றை.

அதே மூக்கும் கண்ணாடியும் நரையும் ஏணியிலிருந்து இறங்கி எங்கார்னாவின் முன்னால் வந்து நின்றன.

"இடிக்கப்போறது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கல்லு வந்து எறங்கின அன்னைக்கே தெரியும்க்கா."

அந்த மூன்று மாதமும் தினம் ஒரு தமாலேயை, ஆறுவதற்குள் சாப்பிடு என்று லியோகாதியாவின் கையில் திணித்திருக்கிறாள் எங்கார்னா.

அவள் தீக்குச்சியை உரசினாள்.