நாற்பது நிமிடப் பதிவு

சிலேட்டு வாத்தியாரின் புருவத்தில் பட்டு உடைந்தது.

இரண்டாவது அடி மூக்கில், உடைந்த மரச்சட்டத்தால். மூன்றாவது அடி விழுவதற்குள் நான்கு வார்டர்கள் கைதி வேலாண்டியைக் கீழே தள்ளிவிட்டார்கள். சிறை வகுப்பறையின் சிமெண்டுத் தரையில் அவன் கன்னம் தேய்ந்தது. லத்திகள் இறங்கின. முதுகு, தொடை, மறுபடி முதுகு.

அவன் கத்தவில்லை. உள்ளங்கைகளை மட்டும் அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டான்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு போடுங்கள் என்று மனசு சொன்னது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா கிடக்காமல், ஐந்து மாதமாக இந்தக் கைதிகளுக்கு உயிரைக் கொடுத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அதற்கு இதுவா?

அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

மருத்துவ அறையில் அவருக்கு ஆறு தையல்.

தலைமை வார்டர் தாளும் பேனாவும் கொண்டுவந்தார். ரத்தம் பட்ட அவருடைய நோட்டையும் மர ஸ்கேலையும் மேசையில் வைத்தார்.

"புகார் எழுதிக் குடுங்க சார். பொங்கலுக்கு விடுற லிஸ்ட்ல இவன் பேரு இருக்கு. பத்தொம்பது வருசம் இருந்துட்டான். உங்க ஒரு தாளு போதும், பேரை அடிச்சிருவாங்க."

தேதி போட்டார். எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும்.

சட்டைப்பையில் ரெக்கார்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

முதியோர் கல்விப் பயிற்சியில் கொடுத்தது. வகுப்பைப் பதிவு செய்யுங்கள், நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்று நீங்களே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் ஒழுங்காகப் பதிவு செய்தார். ஒருநாள்கூடக் கேட்டதில்லை. முப்பத்தொரு வருடம் வாத்தியாராக இருந்தவருக்குத் தன்னைப் பற்றிக் குறிக்க என்ன இருக்கிறது? நோட்டு முழுக்கக் கைதிகளைப் பற்றித்தான்.

வேலாண்டி, திக்குகிறான்.

வேலாண்டி, கவனமில்லை.

பதிவை நிறுத்தி, முதலிலிருந்து அங்கங்கே தாண்டித் தாண்டி ஓடவிட்டார். வகுப்பு மட்டும் நாற்பது நிமிடம்.

வேலாண்டியின் குரல். "தோட்டத்தில் தண்ணீர் பாய்ந்தது." நன்றாகவே படிக்கிறான்.

டக்.

திக்கினான்.

மறுபடி தொடங்கினான். ஒரு வரி சுத்தமாக வந்தது.

டக்.

நின்றுவிட்டான்.

டக். டக்.

மூச்சு மட்டும் கேட்டது.

அது என்ன சத்தமென்று அவருக்கே பிடிபடவில்லை. பிறகு மேசைமேல் கிடந்த மர ஸ்கேலைப் பார்த்தார்.

முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் இன்னொரு குரல் வந்தது. சலிப்பான, பழகிப்போன குரல்.

"கைய நீட்டுடா."

சிலேட்டு உடைந்தது.

சொன்ன ஞாபகமே அவருக்கு இல்லை. ஆனால் குரல் அவருடையது. நாற்பத்தாறு வயது மனிதனிடம் சொல்லியிருக்கிறார். தையலைவிட வெட்கம் அதிகமாக எரிந்தது. முப்பத்தொரு வருடத்தில் எத்தனை உள்ளங்கைகள்?

சுவருக்கு அந்தப்பக்கம் மறுபடி லத்திச் சத்தம் கேட்டது. இப்போது அவன் கத்திக்கொண்டிருந்தான்.

"முடிச்சிட்டீங்களா சார்?" என்றார் தலைமை வார்டர்.

தாளில் தேதி மட்டும் இருந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்தார். ரெக்கார்டரில் பதிவுக்கான சிவப்புப் பொத்தானை அழுத்தி, எல்லோருக்கும் தெரியும்படி கையில் பிடித்துக்கொண்டார்.

சத்தம் வந்த அறையின் கதவைத் தள்ளித் திறந்தார்.