மகன் ஒதுக்கிய தயிர்

கார்காலம் கனத்து இறங்கியிருந்தது. கருமுகில் கவிந்த வானின்கீழ் மரங்களும் மனிதரும் ஒருசேர வாய்மூடியிருந்தனர். அந்த வீட்டுத் தாயின் நெஞ்சு மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் உறையூற்றிய தயிரை, திருமணமான சில மாதங்களிலேயே மகன் ஒதுக்கிவிட்டான்.

அவன் அலுவலகம் கிளம்பியதும் மருமகள்மேல் பாய்ந்தாள்.

"நானும் சைவம்தாண்டி! பாலும் நெய்யும் ஊத்தித்தான் அவனை வளர்த்தேன். நீ தலையணை மந்திரம் ஓதி, அவனையும் உன்னை மாதிரி வீகனா ஆக்கிட்ட!"

மருமகள் தயங்கினாள். "அத்தை, வீகன்னா சாப்பாடு மட்டுமில்ல. தோல், பட்டு, கம்பளின்னு உயிர்கள்கிட்டயிருந்து வர்ற எதையும் நான் தொடமாட்டேன். அவர் இப்பகூட தோல் பெல்ட்டும் தோல் ஷூவும் போட்டுக்கிட்டுத்தானே போறார்?"

"அப்போ என் தயிர் மட்டும் என்னடி பாவம் பண்ணுச்சு?"

"டாக்டர் சொல்லித்தான் அவர் தாவர உணவுக்கு மாறினார், அத்தை. இதயக் குழாயில அடைப்பு ஆரம்பிச்சிருக்கு. நீங்க தாங்கமாட்டீங்கன்னு மறைக்கச் சொன்னார். பழி என் மேலயே இருக்கட்டும்னு நானும் விட்டுட்டேன்."

தாய் விளக்கின்முன் சென்று, கண்மூடிக் கைகூப்பி நெடுநேரம் நின்றாள். பிறகு மருமகளின் தலையில் கைவைத்தாள்.

"தீர்க்கசுமங்கலியா இரும்மா."