கிரிஜா அன்ரியின் பை

வேலையில் இருந்த செந்தூரனின் போனுக்கு வீட்டுக் கமெரா படம் அனுப்பியது. பக்கத்து வீட்டு கிரிஜா அன்ரி சின்ன மண்வெட்டியும் பெரிய பையுமாக அவன் வீட்டு முற்றத்தில் குந்தியிருந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

செந்தூரனுக்கு ஆச்சரியமே இல்லை. செடி விஷயத்தில் அன்ரிக்குக் கை நீளம் என்பது டூங்கபி ஊர் முழுக்கத் தெரிந்ததுதான். "கேட்டு வாங்கினா வேர் பிடியாது, களவெடுத்தாத்தான் பிடிக்கும்" என்று அவரே பெருமையாகச் சொல்வார். தேத்தண்ணி குடிக்க வந்தால், போகும்போது எதையாவது முறித்துக்கொண்டுதான் போவார்.

ஆனால் இது அவன் மனைவி மயூராவின் தோட்டம். உறைபனிக்கும் அசையாத பாலைவனச் செடிகளாகத் தேடித்தேடி வாங்கி, சல்லிக்கல் மேடு கட்டி, பிள்ளை மாதிரி வளர்த்திருந்தாள். தாயைப் பார்க்க யாழ்ப்பாணம் போனவள் இன்று பின்னேரம் திரும்புகிறாள். ஒரு செடி குறைந்தாலும் செந்தூரன் பாடு அவ்வளவுதான்.

லீவு சொல்லிவிட்டுக் காரை விரட்டிக்கொண்டு வந்தான். அன்ரி இன்னும் முற்றத்தில்தான் இருந்தார்.

"அன்ரி, பையைத் திறவுங்கோ."

"வேண்டாம் தம்பி, மணக்கும்."

"எல்லாம் வீடியோவிலை இருக்கு. மயூரா வந்தவுடனை காட்டத்தான் போறன்."

அன்ரி பையை விரித்துக் காட்டினார். உள்ளே இருந்ததெல்லாம் கூழாக அழுகிப்போன செடிகள். செந்தூரன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"ஒவ்வொரு நாளும் விடிய தண்ணி விட்டனீரெல்லே?"

"ஓம். வாடக்கூடாதெண்டு."

"மயூரா என்ன சொல்லிப்போட்டுப் போனவள்?"

செந்தூரனின் குரல் இறங்கியது. "தண்ணி மட்டும் விடாதேங்கோ எண்டு."

"இதுகள் குளிருக்குச் சாகாது தம்பி. குளிருக்குள்ள வேரிலை ஈரம் நிண்டாத்தான் சாகும். வேலிக்கு மேலாலை எத்தினை தரம் சொன்னனான்? எனக்குத் தெரியும் அன்ரி எண்டீர்."

அப்போதுதான் அவன் மேட்டைச் சரியாகப் பார்த்தான். ஓரிடமும் வெறுமையாக இல்லை. கொழுகொழுவென்று செடிகள் நின்றன.

"அப்ப இதெல்லாம்?"

"உங்கட செடியளின்ரை குட்டியள்தான். வரேக்குள்ள எல்லாம் களவெடுத்தனானெல்லே, வளந்திட்டுது. காய்ஞ்ச சல்லி போட்டு நட்டிருக்கிறன். இனிப் பைப்பைத் தொட்டீரெண்டால் கையை முறிப்பன்."

பின்னேரம் மயூரா சூட்கேஸை வாசலிலேயே விட்டுவிட்டு மேட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"எல்லாம் அப்பிடியே நிக்குது. நீங்கள் தண்ணியை விட்டு அழுகவைச்சிருப்பியளெண்டு பயந்துகொண்டுதான் வந்தனான்."

"எனக்கென்ன விசரே?" என்றான் செந்தூரன் நெஞ்சை நிமிர்த்தி.

"கிரிஜா அன்ரியும் கை வைக்கேல்லைப் போல. அதுதான் அதிசயம்."

"நான் கமெரா பூட்டினாப்பிறகு அவ எப்பிடி வருவா?"

சொல்லி வாய் மூடவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் அன்ரியின் தலை தெரிந்தது. செந்தூரன் அவசரமாகச் சூட்கேஸைத் தூக்கப் போனான்.

"ஓம் பிள்ளை," என்றார் அன்ரி. "அந்தக் கமெராவுக்குப் பயந்துதான் நான் இந்தப் பக்கமே வரேல்லை."