கட்டம் போட்ட சட்டை

"மறுபடியும் குறுக்க வந்துட்டாரு பாருங்க!"

யாரோ முணுமுணுக்க, மாஸ்டருக்கு அந்தக் கட்டம் சட்டைக்காரர்மேல் சுருக்கென்று கோபம் வந்தது.

மாஸ்டர், ஞாயிறுதோறும் தெருவில் படம் எடுக்கக் கற்றுக்கொடுப்பவர். அவர் வகுப்பில், ஆள் தெளிவாக விழ லென்ஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். கேமராவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டால், கூட்டத்தில் அது வேண்டாத ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பார்.

"ஆள் வந்தப்புறம் லென்ஸைத் திருப்பினா, ஆள் போயே போயிடுவாரு. லென்ஸ்ல தூரத்தை முன்னாடியே வெச்சுக்கோங்க. ஆள் அந்தத் தூரத்துக்கு வந்ததும் அமுக்குங்க. அவ்வளவுதான் வித்தை!"

அவ்வளவுதான். ஆனால் வகுப்பில், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸம்மாவைத் தவிர ஒருவருக்கும் அது கைவரவில்லை. ஓடுகிறவரோ, சைக்கிளில் பறக்கிறவரோ, அந்த அம்மா எடுத்தால் இமை முடியை எண்ணிவிடலாம். மாஸ்டரே எத்தனையோ தடவை வாய் பிளந்து நின்றிருக்கிறார்.

ஒரே தொல்லை, அந்த அம்மாவின் புருஷன். வாராவாரம் கண்ணைக் குத்துகிற அதே கட்டம் போட்ட சட்டை. மனைவிக்கு நாலு எட்டு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பார். 'சந்தேகப் பிராணி' என்று வகுப்பே அவருக்குப் பெயர் வைத்திருந்தது.

இன்று கடைசி வகுப்பு. பத்திரிகை எடிட்டர் ஒருவர் கூடவே நடக்கிறார். வாராவாரம் ஒரு முழுப் பக்கத்துக்குத் தெருப் படம் எடுக்க, இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். அது நர்ஸம்மாதான் என்று மாஸ்டர் முடிவே கட்டிவிட்டார்.

எடிட்டரிடம் நர்ஸம்மா பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மாஸ்டர் கட்டம் சட்டையை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னிக்கு ஒரு நாளாவது அவங்களை நிம்மதியா விடுங்க சார். போய் பஸ் ஸ்டாப்புல உக்காருங்க."

"இல்ல சார், அவளுக்கு முன்னால யாராவது நடக்கணுமே..."

"ஏன், யாராவது தூக்கிட்டா போயிடுவாங்க?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் ஆட்கள். மென்று விழுங்கிவிட்டுப் போய்விட்டார்.

தெருக்கோடியில் எடிட்டர் ஒவ்வொரு கேமராவாக வாங்கிப் பார்த்தார். நர்ஸம்மாவின் கேமரா வந்ததும் மாஸ்டர் காலரைச் சரிசெய்துகொண்டார்.

முதல் படத்தில் பூட்டு ரிப்பேர்க்காரர் மங்கல். பின்னால் இருந்த சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தது. அடுத்த படமும் மங்கல். அதற்கடுத்ததும்.

"மாஸ்டர், நீங்க ஆஹா ஓஹோன்னது இவங்களையா?"

நர்ஸம்மாவின் முகம் செத்துவிட்டது. கூட்டத்துக்குள் எதையோ தேடினார்.

"சரி, இன்னும் வெளிச்சம் இருக்கு. இன்னொரு சுத்து வருவோம்" என்றார் எடிட்டர், பெரிய மனசு பண்ணி.

மாஸ்டர் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார்.

"என்ன சொல்லி வெச்சீங்க அவங்ககிட்ட? ஒரு படம்கூடத் தேறலையே!"

கட்டம் சட்டை பதறி எழுந்தார். "நான் ஒண்ணும் சொல்லல சார். அவ லென்ஸ் எப்பவும் என் முதுகுமேலதான் இருக்கும். இந்தச் சட்டைக் கோடு தெளிவாத் தெரிஞ்சா தூரம் சரின்னு அர்த்தம். எதிர்ல வர்ற ஆள் என் பக்கத்துல வந்ததும் நான் விலகிடுவேன். அவ அமுக்கிடுவா."

"தூரத்தை அவங்களே கணிக்கலாமே? அதைத்தானே நடத்தினேன்?"

"ரெண்டு கண்ணும் இருந்தா கணிக்கலாம் சார்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு விபத்துல அவளுக்கு இடது கண்ணு போயிடுச்சு. எது கிட்ட, எது தூரம்னு சட்டுனு பிடிபடாது. படம் எடுக்கறப்ப எல்லாரும் ஒரு கண்ணை மூடிக்கறீங்க இல்ல, அதான் உங்க யாருக்கும் தெரியல."

மாஸ்டர் தூரத்தில் நின்ற நர்ஸம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே..."

"சொன்னா, ஐயோ பாவம்னு கைதட்டுவாங்க. படம் நல்லா இருக்குன்னு கைதட்டணும் சார். அவ ஆசை அது ஒண்ணுதான்."

"உங்களை எல்லாரும் என்னென்னவோ..."

"காதுல விழுந்துச்சு சார்." சிரித்தார். "அதுவும் நல்லதுக்குத்தான். என்னைப் பேசற வரைக்கும் அவ கண்ணை யாரும் கவனிக்க மாட்டாங்க."

மாஸ்டர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

மறுபடியும் தெரு. நர்ஸம்மாவுக்கு நாலு எட்டு முன்னால் கட்டம் சட்டை. எதிரே, தலையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு ஒரு கூலியாள் வேகமாக வந்தார். காற்று அடித்தது. அடுக்கு ஆடியது. அவர் பல்லைக் காட்டிச் சிரித்துச் சமாளித்த அந்த இடத்தில், கட்டம் சட்டை திரை விலகுகிற மாதிரி ஓரடி நகர்ந்தார்.

கிளிக்.

இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் தான் நடத்திய பாடத்தை, மாஸ்டர் இப்போதுதான் கண்ணால் பார்க்கிறார்.

எடிட்டர் கேமராவை வாங்கினார். சிரிப்பு, புருவத்தில் தொங்கிய வியர்வை, நாற்காலியின் உடைந்த கால், எல்லாம் தொட்டுவிடலாம் போல இருந்தன. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இவங்கதான்" என்றார் கடைசியில். "வேற யாரையும் பாக்க வேண்டாம்."

வகுப்பே கைதட்டியது.

"அது இருக்கட்டும், யாரு மாஸ்டர் அந்த ஆளு? அந்தம்மாவுக்குக் குறுக்கயே வர்றாரே?" என்று கேட்டார் எடிட்டர்.

நர்ஸம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். கட்டம் சட்டை கெஞ்சுகிற மாதிரி மாஸ்டரைப் பார்த்தார்.

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவரா? இவங்க வீட்டுக்காரர். சரியான சந்தேகப் பிராணி சார். அவரை விடுங்க, நீங்க படத்தைப் பாருங்க!"